மருந்தடிக்கும் நாள்

கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸைச் சட்டத்துக்குள் அழுத்திக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. மழலையர் பள்ளி. அவள் பையன் இன்னொரு குழந்தையின் கன்னத்தைக் கடித்துவிட்டானாம். ரத்தம் வந்துவிட்டதாம். உடனே வந்து கூட்டிப்போகச் சொன்னார்கள்.

பையனுக்கு நாலு வயது. வீட்டில் அவன் பெயர் பட்டாசு. வைத்தவள் அவனுடைய அத்தை, அதாவது இவளுடைய நாத்தனார். அவன் சிரித்தால் வீடே சிரிக்கும். அடுத்த நொடி கையில் இருப்பது பறக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. முதலில் ‘ஆம்பளைப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான்’ என்றார்கள். பிறகு ‘வளர்ப்பு சரியில்லை’ என்றார்கள். இரண்டையும் சொன்னது மாமியாரின் ஒரே வாய்தான்.

பள்ளியில் டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் கலங்கடித்தது. இனி ஒருமுறை நடந்தால் வைத்துக்கொள்ள முடியாது என்று டீச்சர் தணிந்த குரலில் சொன்னார். பையன் மூலையில் நின்றிருந்தான். இவள் கையைப் பிடித்ததும், “அம்மா, அவன் அழுதான்” என்றான், யாரோ செய்ததைச் சொல்வதுபோல.

குழந்தை வளர்ச்சி பார்க்கும் டாக்டரிடம் அன்று மத்தியானத்துக்கு ஏற்கெனவே நேரம் வாங்கியிருந்தாள். முன்னதாகவே போய் உட்கார்ந்தாள். டாக்டரம்மா பையனைத் தரையில் மரக்கட்டைகளோடு விட்டுவிட்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். பிரசவம் எப்படி, எப்போது பேசினான், எப்படித் தூங்குகிறான். அப்புறம் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: வயிற்றில் இவன் இருந்தபோது வீட்டில் பூச்சிமருந்து அடித்தார்களா?

அடித்தார்கள். அவர்கள் வீடு மளிகைக் கிடங்குக்கு மேல்மாடி. கரப்பான்பூச்சி குழாய் வழியாகவே ஏறி வரும். மாமியார் மாதாமாதம் ஆளை வரவழைத்து அடிப்பார். நடுவில் தாங்காவிட்டால் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு டப்பா இருக்கும், அதை எடுத்துப் பீச்சுவார். கர்ப்பமாக இருந்தபோது தரையில் மருந்தின் ஈரம் காயும் முன்பே அந்த அறையில் படுத்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

“அதனாலதான் இப்படியா?”

“இவனுக்கு இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது, யாராலயும் முடியாது” என்றார் டாக்டர். “நிறைய குழந்தைகளைப் பார்த்ததுல, கர்ப்பத்துல இந்த மருந்து அதிகமா பட்டிருந்தா இந்த மாதிரி சிரமம் கொஞ்சம் கூடுதலா வருதுன்னு தெரியுது. அவ்வளவுதான். இவனுக்குப் பயிற்சி ஆரம்பிக்கலாம், நல்லா முன்னேறுவான். மருந்தை மட்டும் நிறுத்துங்க. வீட்டுல வேற யாராவது கர்ப்பமா இருக்காங்களா?”

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

நாத்தனாருக்கு ஐந்தாவது மாதம். புருஷன் கப்பலில் வேலை என்பதால் அம்மா வீட்டிலேயே இருந்தாள். காலையில் கிளம்பும்போது மாமியார் சொன்னது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இன்றைக்கு மருந்தடிக்க ஆள் வருகிறான், பாத்திரத்தையெல்லாம் மேசைமேல் ஏற்றி வை.

மாமியார் போனை எடுக்கவில்லை. நாத்தனாரின் போன் அணைந்திருந்தது. மத்தியானத்தில் அவள் தூங்குவாள். கிடைத்த வண்டியில் ஏறினாள். சாலை அடைத்துக் கிடந்தது. பையன் டிரைவரின் இருக்கையை உதைத்துக்கொண்டே வந்தான். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசித் தெருவில் அவள் இறங்கி, பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மருந்தடிப்பவர் சமையலறையில் குந்தி, முதுகில் மாட்டும் டேங்கில் தண்ணீர் கலந்துகொண்டிருந்தார். இன்னும் அடிக்கவில்லை. அவள் கதவை மறித்து நின்றாள். மூச்சு வாங்கியது. வேண்டாம், நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துபோனது. இதே வீட்டில் மருந்தடித்துக்கொண்டேதான் தானும் இரண்டு பெற்றதாகச் சொன்னார். டாக்டர்களுக்கு வேறு வேலை இல்லை என்றார். பிள்ளையை அடக்கத் தெரியாதவர்கள் கரப்பான்பூச்சி மேல் பழி போடுகிறார்கள் என்றார். மருந்தடிப்பவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதில் வாசனைகூட வராதம்மா, அடிக்கவா போகவா சொல்லுங்கள், இன்னும் இரண்டு வீடு பாக்கி என்றார்.

சத்தம் கேட்டு நாத்தனார் உள்ளறையிலிருந்து தலைமுடியை அள்ளி முடிந்தபடி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு நேராக இவளைப் பார்த்தாள்.

“அப்ப என் குழந்தையும் பட்டாசு மாதிரி ஆயிடும்கறீங்களா அண்ணி?”

தன் பெயரைக் கேட்டதும் பையன் நிமிர்ந்து பார்த்தான். அன்று முழுக்க அப்போதுதான் அவன் அசையாமல் நின்றான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அந்த நிமிஷமே நின்றுவிடும். ஆனால் அதை அவன் முன்னால் எப்படிச் சொல்வது? அதுவும் உறுதியாகத் தெரியாத ஒன்றை?

“அவன் மாதிரி பிறந்தா உனக்கு ஒரு குறையும் வராது” என்றாள் கடைசியில். “ஆனா கடிச்சுட்டு அவனே பயந்துபோய் நிக்கறான். தன்னையே அவனால பிடிச்சு நிறுத்த முடியல. அந்தப் பாடு உன் குழந்தைக்கு வேண்டாம்மா. எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரியாததுனாலதான் சொல்றேன்.”

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். அங்கிருந்து, “அம்மா, அவரைப் போகச் சொல்லு. இல்லன்னா நான் போறேன்” என்றாள்.

டேங்கில் கலந்ததைச் சுமந்துகொண்டு அவர் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

சாயங்காலம் கணவன் வந்து, டாக்டர் உறுதியாகச் சொன்னாரா என்று கேட்டான். இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் வாங்கிவந்து குழாயைச் சுற்றியிருந்த ஓட்டைகளை அடைத்தான். கரப்பான்பூச்சி குறைந்தது, ஒழியவில்லை. மாமியார் ஒவ்வொன்றையும் துடைப்பத்தால் அடித்து முறத்தில் ஏந்தி வந்து காட்டுவார்: “இந்தா, உன் விருந்தாளி.” அதைத் தவிர மாதக்கணக்கில் அவளிடம் வேறு பேச்சே கிடையாது.

பையன் பயிற்சிக்குப் போனான். பள்ளியும் மாறினான். கோபம் வந்தால் தலையணையைக் கடிக்கக் கற்றுக்கொண்டான். சில நாள் தலையணை கைக்குக் கிடைப்பதில்லை.

நாத்தனாருக்குப் பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமா என்றார் மாமியார்.

குழந்தைக்கு ஒரு வயது தாண்டிய பிறகு ஒருநாள் அவளும் நாத்தனாரும் அதற்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் குழந்தையின் வாயைத் துடைத்தபடி, நிமிராமலே கேட்டாள்.

“அன்னிக்கு நிறுத்தினீங்க. அதுக்கு முன்னாடி நாலு மாசம் அடிச்சாங்களே அண்ணி?”

இந்தக் கேள்வி அவள் மனதிலும் இத்தனை நாளும் இருந்தது.

“தெரியலம்மா. எதுவா இருந்தாலும் நான் கூட இருக்கேன்.”

குழந்தை கரண்டியை வீசியது. எல்லாக் குழந்தைகளும் வீசுவதுபோலத்தான் இருந்தது. அது விழுந்த இடத்தை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் போய் எடுத்து, கழுவி, குழந்தையின் கையிலேயே கொடுத்தாள்.