இரண்டாவது கெட்டிமேளம்

திருச்செல்வத்தை பிரிக்பீல்ட்ஸில் எல்லாரும் டைரக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் இதுவரை டைரக்ட் செய்தது கல்யாணங்களை மட்டும்தான். மாப்பிள்ளை எப்போது சிரிக்க வேண்டும், பெண் எப்போது கண்ணைத் துடைக்க வேண்டும், ஐயர் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டுவது நான். ஆறு வருடமாக, ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, இவர்களின் அசட்டுத்தனத்தைச் சீர்செய்து சம்பளம் வாங்குகிறேன்.

மூன்று கேமரா வைத்து எடுத்தால், மூன்றையும் ஓடவிட்டு யாராவது ஒருவர் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினால் போதும். அந்தச் சத்தத்தைப் பிடித்து மூன்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். நூறு தடவை சொல்லியாயிற்று. "நாம என்ன படமா எடுக்குறோம்?" என்பார் திருச்செல்வம். டைரக்டர் என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பார். போதாக்குறைக்கு, மெமரி கார்டு நிறைந்துவிடும் என்று நடுநடுவே கேமராவை நிறுத்தியும் வைப்பார்கள். அதனால் நான் கெட்டிமேளத்தை வைத்துத்தான் பொருத்துவேன். தாலி ஏறும்போது ஒரு தடவைதான் அடிப்பார்கள். எந்த மைக்கும் அதைத் தவறவிடாது.

கிள்ளானில் எடுத்த ஒரு கல்யாணத்தில் அது உதவவில்லை. கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுத்ததில் ஒரு கேமராவில் மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறான். அடுத்த கேமராவில் அதே நொடியில் தாலியைப் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழிக்கிறான். கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கல்யாணத்தில் கெட்டிமேளம் இரண்டு தடவை அடித்திருந்தது. ஒரு கேமராவின் முதல் மேளத்தை இன்னொன்றின் இரண்டாவது மேளத்தோடு கம்ப்யூட்டர் பொருத்தியிருந்தது.

அப்போதுதான் இராமலிங்கம் அங்கிளின் ஞாபகம் வந்தது. போர்ட் கிள்ளானில் இருந்து வந்து அந்தக் கல்யாணத்தில் தவில் வாசித்தவர். அவசரப்பட்டு அடித்து, வெறும் கழுத்துக்குக் கெட்டிமேளம் கொட்டி, கல்யாணத்தில் அபசகுனம் செய்துவிட்டார் என்று பெண்ணின் அம்மா லெட்சுமி ஆன்டி ஊரெல்லாம் சொல்லியிருந்தார். வாட்ஸ்அப்பில் அது கிள்ளான் முழுக்கச் சுற்றியது. மூன்று வாரத்தில் நான்கு கல்யாணக்காரர்கள் இராமலிங்கம் அங்கிள் வேண்டாம் என்றுவிட்டார்கள். "அவர மணவறைப் பக்கமே விடக்கூடாது லா" என்று எங்கள் டைரக்டரும் கூடச் சேர்ந்து பாடினார்.

காதால் கேட்டுக் கேட்டு, கையால் நகர்த்தி, மூன்று கேமராவையும் ஒழுங்காகப் பொருத்தினேன். முதல் கேமராவில் ஐயர் விரலை உயர்த்துகிறார். இரண்டாவதில் அந்த விரலைப் பார்த்துவிட்டு இராமலிங்கம் அங்கிள் அடிக்கிறார். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறான். அந்த நேரம் பார்த்து டைரக்டரின் திருவாய் திறக்கிறது: "மாப்ள, ஹோல்ட்! போகஸ் போச்சு லா, கட்டாதீங்க!" மூன்றாவது கேமராவில் ஒரு கை நீண்டு மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறது. கை நிறைய வளையல், பச்சைப் பட்டு. லெட்சுமி ஆன்டி. மேளம் தனியாக அடித்து ஓய்கிறது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் கெட்டிமேளம், இந்தத் தடவை தாலியோடு.

மேளச் சத்தத்தில் அந்தக் கத்தல் மணவறையைத் தாண்டிப் போயிருக்காது. கேமராக்காரர்களின் முதுகு மறைத்ததில், கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஓரத்தில் தவிலோடு உட்கார்ந்திருந்தவருக்கும் தெரிந்திருக்காது.

டைரக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அந்த ரெண்டு நிமிஷத்த கட் பண்ணிடு," என்றார்.

"அப்ப அங்கிள் பேரு?"

"அது நம்ம டிபார்ட்மெண்டா?" என்று கேட்டுவிட்டு தேத்தாரே டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார். வெட்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் லெட்சுமி ஆன்டி வீடியோ பார்க்க வந்தார். அவருக்கும் போட்டுக் காட்டினேன். முகம் மாறும் என்று பார்த்தேன். "வளையல் நல்லா தெரியுதே," என்றார். பிறகு, "அந்த எடத்த மட்டும் எடுத்துடும்மா. ஞாயித்துக்கெழம சொந்தக்காரங்க எல்லாரும் வீட்டுக்கு வந்து பாக்கப் போறாங்க," என்றார்.

"இராமலிங்கம் அங்கிளுக்கு வேலையே போச்சு ஆன்டி."

"அவருக்கு வேற எடம் கெடைக்கும் லா. ரெண்டு தடவ மேளம் அடிச்சத எல்லாரும் கேட்டுட்டாங்க. யாராவது ஒருத்தர் பேரச் சொல்லித்தானே ஆகணும்?"

வெட்டினேன். என்மேல் எனக்கு என்ன பெரிய மரியாதை இருக்கிறது? ஆனால் வெட்டிய துண்டில் மூன்று படமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி வைத்து, இராமலிங்கம் அங்கிளின் போனுக்கு அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் கூப்பிட்டார். டைரக்டரையும் ஆன்டியையும் கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று ஆசையோடு எடுத்தேன்.

"அஞ்சு தடவ பாத்துட்டேன்மா," என்றார். "ஐயரு வெரல தூக்குனப்புறம்தான் நான் அடிச்சிருக்கேன், இல்ல?"

"ஆமா அங்கிள். சரியாத்தான் அடிச்சிருக்கீங்க."

"என் கைதான் தப்பு பண்ணிடுச்சின்னு நெனச்சிட்டேன்மா. மூணு வாரமா தவில தொடவே பயமா இருந்திச்சி."

"அந்த ஆன்டிகிட்ட போய் கேக்க வேண்டியதுதானே அங்கிள்? ஏன் சும்மா இருந்தீங்க?"

"நான் எங்கம்மா கேக்குறது? அன்னிக்கே கல்யாணம் நடந்த டேவான் வாசல்ல வச்சி, எல்லாருக்கும் முன்னால, அவங்கள கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்பு கேட்டேன். அவங்களும் பெரிய மனசு பண்ணி, 'மன்னிச்சிட்டேன், போங்க'ன்னு சொன்னாங்க."

போனை வைத்தேன். வெட்டிய இரண்டு நிமிடத்தை அது இருந்த இடத்திலேயே திரும்பச் சேர்த்தேன், மூன்று படமும் பக்கத்தில் பக்கத்தில், டைரக்டரின் குரல் தெளிவாகக் கேட்கும்படி. பென்டிரைவில் ஏற்றி, சனிக்கிழமையே லெட்சுமி ஆன்டியின் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.