பலகை எடுத்த இடம்

அந்த வீட்டுப் பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனதிலிருந்து அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வந்தது. சில நாள் மகனையே யார் என்று கேட்பார். பேத்தியைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு, அப்பா வருவதற்குள் வீட்டுக்குள் போகச் சொல்வார். ஆனால் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக இறங்கி, வாய்க்காலைக் குறுக்கே கடந்து அக்கரை டீக்கடைக்குப் போவதை மட்டும் அவர் மறந்ததே இல்லை.

கடக்க முடிந்ததற்குக் காரணம், அதில் தண்ணீர் என்று ஒன்று இல்லாததுதான். கிழிந்த மெத்தை, உடைந்த செங்கல், பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் இறுகிப்போன கறுப்புச் சேறு, அதற்கும் மேல் ஆகாயத்தாமரை. யாரோ எப்போதோ இரண்டு பலகைகளைப் போட்டுவைத்திருந்தார்கள். பெரியவர் பலகையில் கால் வைக்கும்போது "போலாம் ரைட்" என்பார். துணி காயப்போடும் பெண்கள், "கண்டக்டரே, டிக்கெட் குடுக்காம எடுத்துட்டீங்களே" என்பார்கள். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சிரிப்பார்கள்.

மருமகள் தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கேட்டார்.

"குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது?"

"வீட்டு போர் தண்ணிங்க."

"பக்கத்துல சாக்கடை ஏதாவது இருக்கா?"

அந்த வரிசையிலிருந்த எல்லா வீட்டுக் கக்கூஸ் குழாயும் வாய்க்காலில்தான் திறந்திருந்தது. அவள் வீட்டுடையதும்தான்.

மகள் பிழைத்துக்கொண்டாள். அதன் பிறகு தையல்காரி வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். சிலர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒருவர், "நீ துணியைத் தைம்மா, ஊரைத் தைக்காதே" என்றார். வீட்டுக்கு வந்து அழுதபோது புருஷன்தான் தேற்றினான். அவன் ஒயர்மேன். அதிகம் பேசாதவன். "முதல்ல நம்ம குழாயை அடைப்போம். அப்புறம் அடுத்தவங்களைக் கேட்கலாம்" என்றான்.

எதிர்வீட்டு பிளம்பரை வைத்துத் தங்கள் குழாயைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் திருப்பினார்கள். முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு சேற்றில் இறங்கினார்கள். கண்ணாடிச் சில்லு குத்தாத கால் தெருவில் ஒன்றுகூட இல்லை. கூடை கைமாறிக் கைமாறிக் கரை ஏறியது. குளித்தாலும் நாற்றம் தோலை விட்டுப் போகவில்லை. கடைசியில் மேலே மதகை அடைத்திருந்த குப்பையை இழுத்துப் போட்டபோது தண்ணீர் தானாக வந்தது. முதலில் கறுப்பாக, பிறகு கலங்கலாக, மழைக்காலம் முடிந்ததும் தெளிவாக. அவர்கள் வீட்டுப் பின்னால்தான் சேறு அதிகம் வெட்டியிருந்தார்கள். அங்கே ஆளை மூழ்கடிக்கும் ஆழம்.

போர் தண்ணீரில் அடித்த வாடை போயிற்று. தையல்காரியைத் தெருவே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

தாங்கச் சேறு இல்லாமல் போன பலகைகளை எடுத்த மறுநாள் பெரியவர் கரையில் திகைத்து நின்றார்.

"பலகை எங்க?"

"எடுத்தாச்சு மாமா. இனிமே முன்வாசல் வழியா சுத்தித்தான் போகணும். நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஏம்மா?"

"தண்ணி ஓடுது பாருங்க."

"அட, ஆமா. நல்லாருக்கே."

அடுத்த நாளும் அதையேதான் கேட்டார். அன்றே அவள் புருஷனிடம் சொல்லிப் பின்கதவில் அவர் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைக்கச் சொன்னாள். வைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையைச் சீர்செய்யும் வேலை முடிந்து எல்லோரும் அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் கூடைகளைக் கழுவினார்கள். பின்கதவு வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு புருஷன் குளிக்கப் போனான். அவள் மெஷினில் உட்கார்ந்தாள். மகள் வந்து, "தாத்தா எங்கம்மா?" என்றாள். ஆணியில் அவர் சட்டை இல்லை.

முதலில் டீக்கடைக்குத்தான் ஓடினார்கள். கடைக்காரர் இன்று வரவில்லையே என்றார். திரும்பி வருவதற்குள் கரையோரம் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துவிட்டு பிளம்பர் தண்ணீருக்குள் குதித்திருந்தார். பழைய பலகை இருந்த இடத்துக்கு நேர் கீழேதான் பெரியவர் கிடந்தார்.

தெரு இரண்டாகப் பிரிந்தது. "குப்பையா இருந்தப்போ யாரும் சாகலையே" என்று தையல்காரியின் காதுபடவே பேசினார்கள். வார்டு மெம்பர், வாய்க்காலை சிலாப் போட்டு மூடிவிடலாம், மேலே வண்டி நிறுத்தலாம் என்றார். பழைய குழாய்களை மறுபடி உள்ளே விட்டுக்கொள்ளலாம் என்று சிலருக்கு உள்ளூர சந்தோஷம். பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். அவள் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மெம்பர் அவள் புருஷன் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுல உயிர் போயிருக்கு. நீங்க சொல்றதுதான் முடிவு."

அவன் எழுந்தான். "மூட வேண்டாம். வேலி போடுங்க." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "எனக்காகத்தான் அப்படிச் சொன்னீங்களா?"

"உனக்காக இல்ல." சட்டையைக் கழற்றியபடியே பேசினான். "மூடினா திரும்ப அதே சாக்கடை. நாளைக்கு நம்ம புள்ள மறுபடி படுத்துட்டா, அப்பா போனதுக்கு ஒரு அர்த்தமும் இல்லாம போயிடும்."

சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "அன்னைக்கு தாழ்ப்பாளை நான்தான் போடலைன்னு நினைக்கிறேன்" என்றான்.

"இல்ல, நான்தான். கடைசிக் கூடையை எடுத்துட்டு வந்தது நான்."

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல."

சொல்லிவிட்டதால் பாரம் இறங்கிவிடவில்லை. அன்று அவன் பாயை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் அறையில் படுத்தான். பிறகும் அங்கேயேதான் படுத்தான். சண்டை இல்லை. பேச்சும் இல்லை. எதைச் சொல்ல வேண்டுமானாலும் இருவரும் மகளிடம் சொல்லி அனுப்பினார்கள்.

கரை நெடுகக் கம்பி வேலி வந்தது. மழைக்காலத்தில் மதகில் மறுபடி ஆகாயத்தாமரை சேர்ந்தது. தையல்காரி மண்வெட்டியோடு போனாள். பாதிப் பேர்கூட வரவில்லை. பிளம்பர் வந்தார், அவர் மனைவி வந்தாள், இன்னும் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் வந்தார்கள். புருஷன் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, தன் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் கொடிகளை அறுத்து அறுத்துக் கரையில் எறிந்தாள்.

வீடு திரும்பியபோது தொட்டி காலியாக இருந்தது. "அப்பாவை மோட்டார் போடச் சொல்லு" என்றாள் மகளிடம். அவன் எழுந்து போய்ப் போட்டான்.