ஏரிக்கரையில் தங்கிவிட்ட பணம்

எங்கள் பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் வங்கிக்காரர்கள் ஜூரிச் என்பார்கள், பம்பாய் என்பார்கள். எனக்குத் தெரியும், அது ஏரிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. நான் போகவேண்டிய இடத்துக்கு என்னை விட்டுவிட்டுப் பணம் மட்டும் போய், திரும்பி வர மனசில்லாமல் தங்கிவிட்டது. அந்தக் கோடை வரைக்கும் நான் அப்படித்தான் நம்பினேன். அதன் மேல் எனக்குப் பொறாமைகூட இருந்தது.

என் வீட்டுக்காரர் திருமூர்த்திக்கு மதுக்கரை ரோட்டில் நூல் மில். எந்திரம் விற்கும் சுவிட்சர்லாந்து கம்பெனி வருஷாவருஷம் ஒரு காலண்டர் அனுப்பும். மில் ஆபீசுக்குப் போகுமுன் அதை நான் பிடுங்கிச் சமையல்கட்டில் மாட்டிவிடுவேன். பனிமலை, அதன் கீழே ஏரி, ஏரியில் ஒரு வெள்ளைப் படகு. தாளிக்கிற புகையில் மலை மெல்ல மஞ்சளாகும். தை பிறந்தால் புதுக் காலண்டர் வந்து மறுபடி வெளுக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டேதான் கடுகு தாளிக்கிறேன்.

தொண்ணூற்றைந்து அக்டோபரில் மிலான் நகரத்தில் ஜவுளி எந்திரக் கண்காட்சி. கோயமுத்தூர் மில்காரர்கள் எப்போதும் போலக் கூட்டமாகக் கிளம்பினார்கள். “இந்தத் தடவை நானும் வாரேனுங்க” என்றேன். அவர் சில நாள் பிடிகொடுக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் என் தொல்லை தாங்காமல் சரி என்றார். கண்காட்சி முடிந்ததும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, நாங்கள் இருவர் மட்டும் ரயிலேறி அந்த ஏரிக்குப் போவதாக ஏற்பாடு.

கரையில் கெல்லர் என்று ஓர் அம்மாள் சின்ன விடுதி நடத்தினாள். ஃபாக்ஸ் எழுதி அறை பிடித்தவள் நான்தான். நான் காலேஜில் இங்கிலீஷ் படித்தவள், அவர் எஸ்.எஸ்.எல்.சி.யோடு மில்லுக்குள் போய்விட்டவர். வெளிநாட்டிலும் செல்லுகிற அவருடைய கிரெடிட் கார்டு நம்பரைக் கொடுத்து வாடகை முழுவதையும் முன்கூட்டியே கட்டினோம். எனக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கினோம். வீட்டுக்குள் யாரும் இல்லாதபோது அதில் ஒன்றைப் போட்டு, மின்விசிறியை வேகமாக வைத்து, குளிர்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

கிளம்புகிற வாரம் வெள்ளகோவிலில் அவருடைய பங்காளி அரங்கசாமி காலமானார். பங்காளி வீட்டுச் சாவென்றால் எங்களுக்கும் தீட்டு. கருமாதி முடியாமல் கடல் தாண்டுவதாவது! எல்லாம் ரத்தாயிற்று. கெல்லர் அம்மாள் நல்ல மனுஷி. துக்கம் விசாரித்து, வாடகையை அதே கார்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக ஃபாக்ஸ் கொடுத்தாள்.

“அழுவாத அம்மணி. அந்தப் பணம் திரும்பி வந்த அன்னிக்கே டிக்கெட் போட்டுப்போடறேன்” என்றார் அவர். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பணம் வரவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் அந்தப் பணம் வரும். அதற்கு முகம் கிடையாது, ஆனால் என் ஸ்வெட்டரைப் போட்டிருக்கும். படகுத்துறையில் நின்று தண்ணீரில் கல்லெறியும். வாத்துக்கு ரொட்டி பிய்த்துப் போடும். “ஊட்டுக்கு வா” என்று கூப்பிடுவேன். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஏரியைப் பார்க்கும். எங்கள் மில்லில் பறக்கிற பஞ்சு மெல்ல அதன் தோள்மேல் விழும். விழித்தால் வெளியே பங்குனி வெயில் கொளுத்தும். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

“பணம் என்னாச்சுங்க?” என்று கேட்டால், “வரும், வரும். பேங்க்காரனுக்கு என்ன அவசரம்?” என்பார். மில்லில் ஒரு மூட்டைப் பஞ்சு குறைந்தால் ஊரையே கூட்டுகிற மனுஷர் இப்படி நிதானமாகப் பேசியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சித்திரையில் நானே கிளம்பினேன். அவினாசி ரோட்டில் கார்டு கொடுத்த வங்கிக் கிளைக்குப் போனேன். லாஸ்யா என்ற சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். கணக்கைப் பார்த்துவிட்டு, “இங்க எதும் வரலீங்களே மேடம்” என்றாள்.

“அவிய அனுப்பியாச்சுன்னு சொல்றாங்க கண்ணு. நடுவால எங்க போகும்?”

“நடுவுல நெறையப் பேங்க் இருக்குதுங்க. அனுப்புனதுக்கு ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் இருக்குமுங்க. அதை மட்டும் வாங்கித் தாங்க, எங்க இருந்தாலும் புடிச்சுப்போடலாம்.”

வீட்டுக்கு வந்து கெல்லர் அம்மாளுக்குப் போன் போட்டேன். இங்கிலீஷ் எங்கள் இருவருக்குமே சொந்த பாஷை இல்லை. அதனால் இருவரும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினோம். அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ ஊதியது. என்ன சத்தம் என்று கேட்டேன். படகு கிளம்புகிறது என்றாள். என் காலண்டர் படகுக்குக் குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பனி பெய்கிறதா என்றேன். இல்லை, மழை, ஆனால் செர்ரி மரம் பூத்துவிட்டது என்றாள். நம்பரைக் கேட்கவேண்டும் என்பதே மறந்துபோய், வைக்கப் போகும்போதுதான் கேட்டேன்.

அந்த நீள நம்பரை வைத்து லாஸ்யா ஜூரிச்சுக்கும் பம்பாய்க்கும் ஃபாக்ஸ் விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் போனில் கூப்பிட்டாள்.

“மேடம், கண்டுபுடிச்சாச்சுங்க. பணம் நவம்பர்லயே பம்பாய் வந்திருச்சு. ஆனா வந்த நேரத்துக்கு அந்த நம்பர்ல கார்டு இல்லீங்க. சார்தான் கார்டு தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்து வேற நம்பர் வாங்கிட்டாருங்களே. பழைய நம்பரைத் தேடி வந்த பணம் ஆளில்லாம ஒரு பொதுக் கணக்குல கெடக்குது. சார் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுங்க, புது நம்பருக்கு மாத்திரலாம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கார்டு தொலைக்கவே இல்லை. சட்டைப் பொத்தான் விழுந்தால்கூடத் தேடி எடுக்கிறவர். சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

“தொலையலை அம்மணி” என்றார், செருப்பைக் கழற்றியபடி. “நம்பரைக் கூட்டுனா எட்டு வந்துச்சு.”

“எட்டா?”

“அரங்கசாமி போனதும் மனசு கேக்கலை. எண் சோசியர்கிட்டப் போனேன். கார்டு, வண்டி, போன், எல்லா நம்பரையும் கேட்டாரு. கார்டுதான் சனி, உடனே மாத்துன்னாரு. எட்டுன்னு சொன்னா பேங்க்ல மாத்துவானா? தொலைஞ்சுதுன்னு எழுதிப்போட்டேன். புதுசு கூட்டுனா ஆறு.”

பணம் தேடிவந்த வீட்டின் கதவை, வாசல் சரியில்லை என்று இவரே அடைத்துவிட்டிருக்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. சரி, போகட்டும், பணம் கிடைத்துவிட்டது. லாஸ்யா கொடுத்தனுப்பிய தாளை நீட்டினேன். நாளைக்குப் போடலாம் என்றார்.

மறுநாள் ராகுகாலம். அதற்கடுத்த நாள் மில்லில் ஆடிட்டர். பிறகு கண்ணாடியைக் காணோம். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. ஒரு கையெழுத்து! ஒரு நாளைக்கு நூறு செக்கில் போடுகிற கை!

உக்கடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது எனக்குப் பொறுமை போயிற்று. குளத்தோரம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்கச் செம்மை பரவி, தூரத்துக் கரை கலங்கித் தெரிந்தது.

“ஏனுங்க, என்னைக் கூட்டிட்டுப் போகப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிப்போடுங்க. நான் கனாக் கண்டது போதும்.”

அவர் இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“பணம் வரலைன்னதும் எனக்கு நெம்ப நிம்மதியா இருந்துச்சு அம்மணி.”

“ஏனுங்க?”

“அங்க நான் வாய் தொறக்கறதில்லை. கூட வாரவங்க பேசுவாங்க, நான் தலையாட்டுவேன். போன கண்காட்சிக்குப் போனப்ப ஒரு நா கூட்டம் தவறிப்போச்சு. எந்த ரயிலுன்னு தெரியலை. கேக்கத் தெரியலை. பொழுதுக்கும் ஸ்டேசன்ல ஒரு தூணோரமா நின்னேன். அவிய தேடி வர இருட்டாயிருச்சு. இங்க நான் நடந்தா முந்நூறு பேர் எந்திரிச்சு நிக்கறாங்க. நீயும் அந்த ஆளைத்தான் பாத்திருக்கறே. அங்க தூணோரமா நிக்கறவனை நீ பாத்துட்டீன்னா, பொறவு என்னை எப்படிப் பாப்பியோன்னு...” முடிக்காமல் விட்டார்.

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மனசில் ஒன்றே ஒன்றுதான் நின்றது.

“அன்னிக்குச் சாப்பிட்டீங்களா?”

“எதுத்தாப்புல கடை இருந்துச்சு. என்ன சொல்லிக் கேக்கறது? குழாய்ல தண்ணி குடிச்சேன்.”

அவர் சாப்பிட்டாரா என்று தெரியாமல் ஒருநாளும் நான் தட்டில் கைவைத்ததில்லை. அன்றைக்கு நான் இங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மத்தியானத் தூக்கம் போட்டிருப்பேன். அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

“நான் கூட வந்தா நான் கேட்டு வாங்கித் தர மாட்டனா?”

“எல்லாரும் பாப்பாங்க அம்மணி. பொண்டாட்டி பேசறா, புருசன் சும்மா நிக்கறான்னு.”

“பாத்தாப் பாக்கட்டுமுங்க! அவிய யாரு நமக்கு? ஒறம்பரையா, பங்காளியா? நாளைக்கு நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கு வந்து மொய் வெக்கப் போறாங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குளத்தில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கைப்பையிலிருந்து தாளை எடுத்து அவர் மடியில் வைத்தேன். வண்டிக்குள் விளக்கைப் போட்டு, ஒருதரம் என் முகத்தைப் பார்த்தார்.

“பேனா வெச்சிருக்கறயா அம்மணி?” என்றார்.