லைசென்ஸ் வேண்டாமென்ற வக்கீல்

மர்பி டவுனில் பாஞ்சாலியின் இட்லிக்கடையை, ஒரு வார்த்தை விளக்கம் கேட்காமல் சுகாதார அதிகாரி லைசென்ஸைப் பறித்துப் பூட்டிவிட்டார். அவள் ஹைகோர்ட்டுக்குப் போனாள். அவளுக்கு வாய்த்த வக்கீல் சேஷாத்ரி அமெரிக்க அரசியல் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். நம்முடைய அரசியல் சட்டத்துக்கு மூன்று வயதுதான் ஆகிறதென்று அதைத் தொட்டிலிலேயே விட்டுவைத்திருந்தார்.

விசாரணைக்கு முந்தைய நாள் அதிகாரி மிரண்டுபோய் லைசென்ஸையும் சாவியையும் திருப்பிக் கொடுத்தனுப்பினார். பாஞ்சாலி சந்தோஷமாக வக்கீல் வீட்டுக்கு ஓடினாள். வக்கீலின் முகம் இழவு வீடாயிற்று.

"இதை ஏன் வாங்கினே? கடையைத் திறந்தா வழக்கே இல்லேன்னு ஜட்ஜ் தள்ளிடுவார். அமெரிக்கத் தீர்ப்பெல்லாம் வண்டி வண்டியா எடுத்து வெச்சிருக்கேன்! திருப்பிக் கொடுத்துடு."

"அப்ப என் கடை?"

"ஒரு வருஷம் பொறு. சட்டப் புஸ்தகத்துல உன் பேர் நிக்கும்."

"பேரு நிக்கும் சாமி, நான் எதைத் தின்னுட்டு நிக்கிறது? அந்த அதிகாரி பூட்டுனதுக்கே நான் அடங்கல. நீங்க பூட்டச் சொன்னா அடங்கிடுவேனா?"

"என் வாதம் வீணாப் போறதே!"

பாஞ்சாலி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்தத் தீர்ப்பையெல்லாம் பத்திரமா வையுங்க. அவன் மறுபடி பூட்டினா நான் மறுபடி கேஸ் போடுவேன். அன்னிக்குப் படிங்க."