'இ' என்றால் இளையவர்

மலரின் ஏழாவது பாரத்தை, பல பக்கங்கள் சேர்ந்து அச்சான பெரிய தாளை, மடித்துக்கொண்டிருந்த பைண்டர், அதில் தன் பெயரைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

பெயரைப் பார்த்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அது அப்படிப்பட்ட பெயர். தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், ஐந்தாவது ஆள் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பான். கால்பந்துச் சங்கத்தின் ஐம்பதாண்டு மலருக்கு விஷயம் பற்றாமல் யாரோ அந்தப் பெயரையே ஒரு பக்கமாக்கியிருந்தார்கள். 'ஒரே பெயர், பல புகழ்' என்று தலைப்பு. அந்தப் பெயரில் ஐந்து கால்பந்து வீரர்கள், ஒரு நீதிபதி, ஒரு பாடகர், ஒரு கண் டாக்டர், நாடகத்தில் பெண் வேஷம் கட்டியே பேர் வாங்கிய ஒருவர். சரி, நல்லதுதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று பைண்டர் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது ஆளிடம் வந்ததும் கண் அங்கேயே நின்றது.

'இளையவர். கால்பந்து வீரர். இறுதி ஆட்டத்தின் எழுபத்தோராவது நிமிடத்தில் ஒரே கோலை அடித்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர். தற்போது சங்கத்தின் தலைவர்.'

அதற்கடுத்து நான்காவது ஆள். 'மூத்தவர். கால்பந்து வீரர். அதே ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு விளையாட்டை விட்டார்.'

அவ்வளவுதான். ஒரு வரி. நான்காவது ஆள் அவர்தான். அந்தக் கோலை அடித்தவரும் அவர்தான்! அடிக்கும்போதுதான் எதிரணிக் கோல்கீப்பர் பாய்ந்து வந்து அவருடைய இடது முழங்காலின் மேல் விழுந்தான். பந்து உள்ளே போனதைக்கூட அவர் பார்க்கவில்லை. முகம் புழுதியில் கிடந்தது. கூட்டம் கத்தியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். அந்த ஒரு உதையில் அவருக்குக் கிடைத்தவை இரண்டு, ஒரு கோல், ஒரு நொண்டிக் கால். இப்போது எவனோ உட்கார்ந்து அதைப் பாகம் பிரித்திருக்கிறான். கோலைத் தூக்கி அதே பெயர்க்காரனான அந்தத் தலைவனிடம் கொடுத்துவிட்டு, முட்டியை இவரிடம் கொடுத்திருக்கிறான். இது எந்த ஊர் நியாயம்?

அதுவும் எதில்? அவர் கையாலேயே ஆயிரம் பிரதி மடித்து, தைத்து, பசை தடவி, அட்டை போடவேண்டிய புத்தகத்தில்!

மடிப்புக் கட்டையை மேஜைமேல் எறிந்தார். அது துள்ளிப் பசைச் சட்டியில் விழுந்தது. தாளை எடுத்துக்கொண்டு கால் இழுக்க இழுக்கப் பக்கத்து அறைக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது அவருடைய மகள். அப்பாவும் மகளும் ஒரே அச்சகத்தில்தான் வேலை. அவள் எழுத்தடித்துப் பக்கம் கட்டுவாள், அவர் புத்தகம் கட்டுவார்.

"இதை அடிச்சது யாரு?"

மகள் தாளைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான்ப்பா அடிச்சேன்."

"இந்தப் பக்கத்தைக் கேக்கலடி. இந்தக் கோலைக் கேக்குறேன். இதை அடிச்சது யாரு?"

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்தப் பக்கத்தை எப்ப அடிச்ச?"

"இருபது நாளாச்சு."

"இருபது நாளா என்கூட உக்காந்து சாப்பிடுற. ஒரு வார்த்தை கேக்கல?"

"எதுக்குக் கேட்டு உங்க மனசைக் கஷ்டப்படுத்தணும்னுதான்..." அவள் குரல் தாழ்ந்தது. "எனக்கு அது பெரிய விஷயமே இல்லப்பா. சின்னப் பிள்ளைங்ககிட்ட எல்லா அப்பாவும் ஏதோ ஒண்ணு சொல்றதுதானே. நான் உங்களை ஒரு நாளும் தப்பா நினைக்கல."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவர் சொல்லாத பொய்யை இவள் மன்னித்துவிட்டாளாம்! சின்னவளாக இருக்கும்போது அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே, "இன்னொரு தடவை சொல்லுப்பா, அந்தக் கோல்கீப்பர் எவ்ளோ குண்டு?" என்று கேட்டுத் தூங்கிய பிள்ளை. அத்தனையும் அப்பா விட்ட கதை என்று முடிவு கட்டி, பெருந்தன்மையாக மூடி வைத்திருக்கிறாள். எவனோ ஊர்பேர் தெரியாதவன் எழுதிக்கொடுத்த காகிதம் அவளுக்கு வேதவாக்கு. பெற்ற அப்பன் வாய்ச்சொல் காற்றோடு போச்சு.

"செருப்பை மாட்டு. வா என்கூட."

"எங்கப்பா?"

"வான்னா வா!"

அச்சக முதலாளி வாசலில் மறித்தார். "அண்ணே, நாளன்னைக்கு விழா. ஏழாவது பாரம் மடிக்கலன்னா தையல் நின்னுபோகும்ண்ணே."

"அப்ப நீங்களே மடிங்க" என்று சொல்லிவிட்டு பைண்டர் தெருவில் இறங்கினார்.

சங்க அலுவலகம் இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படி செங்குத்து. மகள் தாங்கிப் பிடிக்க வந்தாள். அவர் கையைத் தட்டிவிட்டார். மேலே மலர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சுத்தமான மனிதர். முன்னால் பழைய தாள்கள் ஓரம் சேர்த்து அடுக்கியிருந்தன.

"மூணாவது ஆளு கோல் அடிச்சான்னு எதை வச்சு எழுதுனீங்க?"

"ஆட்டத்தாளை வச்சுத்தாங்க" என்றார் வாத்தியார் நிதானமாக. ஒரு அடுக்கிலிருந்து பழுப்பேறிய தாளை உருவினார். "நான் எதையும் குத்துமதிப்பா எழுதுற ஆள் இல்ல. அந்த வருஷ அணியில ஒரே பேர்ல ரெண்டு பேரு. இன்ஷியல்கூட ஒண்ணு. அதனால தாள் எழுதினவர் பேருக்குப் பக்கத்துல அடையாளம் போட்டிருக்கார். இங்க பாருங்க, எழுபத்தோராவது நிமிஷம், கோல், பேரு, பக்கத்துல 'இ'. 'இ'ன்னா இளையவர். மாற்று ஆட்டக்காரர் வரிசையில அதே பேரு, பக்கத்துல 'வ'. வயசுல மூத்தவர். தலைவர் உங்களைவிட ரெண்டு மாசம் இளையவர். கணக்கு சரியாத்தானே இருக்கு?"

பைண்டருக்குச் சிரிப்பதா, மேஜையைக் கவிழ்ப்பதா என்று தெரியவில்லை.

"வாத்தியாரே! 'இ'ன்னா இடது! 'வ'ன்னா வலது! மைதானத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடிவர்றோம்னு கோச்சு வச்ச அடையாளம் அது. நான் இடதுகால் ஆட்டக்காரன். வயசுல மூத்தவராம்! இருபத்திரண்டு வயசுல எனக்கென்ன தாடியா நரைச்சிருந்துச்சு?"

"அப்ப, அடிபட்டது...?" என்று இழுத்தார் வாத்தியார்.

பைண்டர் தாளில் அந்த வரியைத் தட்டினார். "அங்க பேரு மட்டும்தான் இருக்கு, பக்கத்துல அடையாளமே இல்லையே!"

"இல்லதான். கோல் அடிச்சவருக்கே அடியும் பட்டிருக்காதுன்னு நானா நினைச்சேன்." வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம்? நான் தலைவர்கிட்டயே கேட்டேன். சரியாத்தான் இருக்கும், போடுங்கன்னார்."

மகள் சுவரோரம் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் சந்தேகம் இருந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தலைவரே வந்தார். பைண்டரைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகி இரண்டு கையையும் விரித்தார்.

"டேய் இடது! என்னடா, ஆளையே காணோம்?"

வாத்தியாரின் கையிலிருந்த கண்ணாடி மேஜையில் விழுந்தது. தலைவருக்கு எதுவும் விளங்கவில்லை. மேஜைமேல் ஆட்டத்தாளையும், பக்கத்தில் ஏழாவது பாரத்தையும் பார்த்த பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது விளங்கியது. விரித்த கை மெல்ல இறங்கியது.

"சரி, விடுடா" என்றார். "இதுல என்ன இருக்கு? உனக்கும் எனக்கும் ஒரே பேரு. பேரு புத்தகத்துல வந்திருச்சு. உன் பேருன்னே நினைச்சுக்கோ. யாரு வேணாங்குறா? விழாவுல மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கேடயமும் குடுத்திடறேன்."

"கேடயத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!" பைண்டர் போட்ட சத்தத்தில் கீழே மருந்துக்கடையில் பேச்சு நின்றது. "என் கோலை நீ வச்சுக்குவ. முட்டி மட்டும் எனக்கா? அப்ப முட்டியையும் எடுத்துக்கடா! இந்தா, எடுத்துக்கோ! படி ஏறும்போது நீ நொண்டு, மழை வந்தா நீ வலியில முனகு. எத்தனை மேடையில ஏறி இதைச் சொன்ன?"

"ஆரம்பத்துல யாரோ தப்பாச் சொன்னாங்கடா. நான் மறுக்கல. அப்புறம் மறுக்க முடியல." தலைவர் வேர்வையைத் துடைத்தார். "அடிச்சது நீதான்னு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். போதாதா?"

"எனக்குத் தெரிஞ்சு என்னடா புண்ணியம்? அதோ நிக்கிறாளே, என் மக, அவகிட்ட சொல்லு. அவ முகத்தைப் பார்த்துச் சொல்லு!"

தலைவர் கைக்குட்டையைப் பையில் திணித்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பாதாம்மா அடிச்சாரு. நான் கோட்டுக்கு வெளிய தண்ணி பாட்டிலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வாத்தியார் சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்றாவது ஆளையும் நான்காவது ஆளையும் குறுக்கே அடித்தார். ஓரத்தில் புதிதாக இரண்டு வரி எழுதி, தலைவரிடம் தாளை நீட்டினார். தலைவர் கையெழுத்துப் போட்டார். ஏழாவது பாரம் மறுபடி அச்சாகும், செலவு சங்கத்தைச் சேர்ந்தது என்றார் வாத்தியார். பைண்டர் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உள்ளே ஏதோ இறங்கி, உடம்பு லேசானது போல இருந்தது.

படியில் இறங்கும்போது மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா! நெஜமாவே நீங்கதாம்ப்பா அடிச்சிருக்கீங்க!"

அவர் நின்றுவிட்டார். தலைவன்மீது வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"நெஜமாவேயா?" என்றார். இப்போது அவர் கத்தவில்லை. "நீ பேசப் பழகுன நாள்லேர்ந்து நான் சொல்லிட்டிருக்கேன். அது உனக்குக் கதை. திருடுனவன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். உடனே நெஜமாயிடுச்சு. இல்ல?"

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "அப்பா, நான்..." என்று ஆரம்பித்தாள்.

அவர் அவள் கையை விலக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை முதலில் வைத்து ஒவ்வொரு படியாக இறங்கினார். அவள் இரண்டு படி பின்னால் வந்தாள். தாங்கிப் பிடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.