எந்த ‘அந்த’?

சைதா என்ற அரபுக் கடற்கரை நகரத்தில் ஹியாம் டீச்சருக்கு வயது ஐம்பத்திரண்டு, அவள் முகத்துக்கு மட்டும் முப்பத்தைந்து. இந்தக் கணக்குப் போட்டவள் அவளுடைய நாத்தனார் நுஹாத். பொறாமையில் போட்ட கணக்கு என்பதால் ஹியாமுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

உண்மை வேறு. இரண்டு வருஷமாக அவளுக்குத் தோல் இறுகிக்கொண்டு வந்தது. குளிரில் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்தன, கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தோலோடு நிற்காமல் உள்ளுறுப்புகளையும் இறுக்கக்கூடிய வியாதி, ஸ்க்ளீரோடெர்மா என்றார் டாக்டர் பாஸில். அந்த இறுக்கத்தில் நெற்றிச் சுருக்கமும் வாயோரக் கோடுகளும் காணாமல் போயின. காலைக் காப்பிக்குக் கூடும் பெண்கள், “எங்கடி ஊசி போட்டுக்கிட்ட?” என்று கேட்டபோது ஹியாம் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, சிரித்துவைத்தாள். வியாதிக்காரி என்று பேரெடுப்பதைவிட மினுக்கி என்று பேரெடுப்பது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்தாறு வருஷம் அரபி இலக்கணம் நடத்தியவளுக்கு அவ்வளவுதான் புத்தி.

வீட்டிலும் ஸ்க்ளீரோடெர்மா என்ற பேர் யார் வாயிலும் நுழையவில்லை. அவளும் கணவன் முனீரும் “அந்த வியாதி” என்றே சொல்லிப் பழகினார்கள். “அந்த வியாதிக்கு மாத்திரை போட்டியா?” என்பான் முனீர். போட்டேன் என்பாள்.

பிப்ரவரியில் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கினார்.

“மதாம், உங்க ரத்தத்துல ஒரு குறி தெரியுது. இந்தக் குறி உள்ளவங்க முதல் சில வருஷம் ஜாக்கிரதையா இருக்கணும். மார்பைப் படம் எடுத்துப் பாத்துடுவோம், அந்த வியாதி இருக்கான்னு.”

ஹியாம் பணிவாகத் தலையாட்டினாள். மாடிப்படி இறங்கும்போதே அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்த வியாதி இருப்பதை இந்த மனுஷன்தானே கண்டுபிடித்தார்? இருப்பதை இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு படமா? படம் எடுக்க டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்தாம் வகுப்பு இலக்கணப் புத்தகத்துக்குள் செருகினாள். எட்டு மாசம் அது அங்கேயே கிடந்தது. அடுத்த முறை காட்டப் போனால் திட்டுவாரே என்று மருந்தையும் கடையிலேயே வாங்கிக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு நாள் காலை நுஹாத் மூச்சு வாங்க வந்து நின்றாள். ஹியாமின் மேசையில் கிடந்த மருந்து உறையிலிருந்து டாக்டர் பேரைத் திருடி, அவரிடமே போய்க் காட்டிவிட்டு வந்திருந்தாள்.

“ஏன் அண்ணி, உங்க அழகு டாக்டர் மூட்டுவலி டாக்டராமே? கண்ணுக்குக் கீழ தொங்கற பையைக் காட்டறேன், அந்த ஆளு என் முட்டியைத் தட்டிப் பாக்கறாரு.”

ஹியாமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “முட்டியும் இளமையா ஆயிடுச்சா?”

“சிரிங்க, சிரிங்க. அங்க முன்னாடி உக்காந்திருக்கற பொண்ணு உங்களத்தான் கேட்டா. உங்க அண்ணி ஏன் இன்னும் மார்பைப் படம் எடுக்கல, டாக்டர் கவலைப்படறாருன்னா.” நுஹாத் குரல் திடீரென்று இறங்கியது. “அந்த வியாதி இருக்குமோன்னு.” சொல்லிவிட்டு, அது நம்மை அண்டக்கூடாது என்று மர மேசையை மூன்று தடவை தட்டினாள்.

தோல் இறுகுவதற்கு யாரும் மரத்தைத் தட்டுவதில்லை. அந்த ஊரில் பேர் சொல்லக்கூடாத வியாதி ஒன்றே ஒன்று. பேரைச் சொன்னால் அதன் காதில் விழுந்து வந்துவிடும் என்று எல்லாரும் ‘அந்த’ போட்டுத்தான் பேசுவார்கள், ஹியாமும் அப்படித்தான்.

“எந்த அந்த வியாதி?” என்று கேட்டாள்.

“அதான் அண்ணி... அது.”

சுட்டுப்பெயர் எதைச் சுட்டுகிறது என்று விளங்காமல் எழுதுகிற பிள்ளைகளுக்கு ஹியாம் டீச்சர் இரண்டு மதிப்பெண் வெட்டுவாள். இப்போது தனக்கு எவ்வளவு வெட்டுவது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

படம் எடுத்தார்கள், ஊசியால் சதை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து டாக்டர் பாஸில் எதிரே உட்கார்ந்து பேனாவைத் திருகினார்.

“மதாம், வந்து... அது...”

“பேரைச் சொல்லுங்க டாக்டர்.”

பிரெஞ்சில் சொன்னார்.

“அரபியில சொல்லுங்க.”

“ஸரதான்,” என்றார் தரையைப் பார்த்து. புற்றுநோய். பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. “சில பேருக்குக் கட்டிதான் முதல்ல வருது. உடம்பு அதோட சண்டை போடுது. அந்தச் சண்டை தோல் மேலயும் திரும்பிடுதுன்னு நினைக்கறோம். உங்களுக்கும் அப்படி இருந்திருக்கலாம்.”

அப்படியானால் உடம்பு அடித்த அபாய மணியைத்தான் அவள் அழகு என்று ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

“பிப்ரவரியிலயே எடுத்திருந்தா?”

“சின்னதா இருந்திருக்கும். இப்ப அக்குள் வரைக்கும் போயிருக்கு. கதிர் சிகிச்சை குடுத்தா உங்க தோல் தாங்குமான்னும் பாக்கணும். குணமாக்கலாம் மதாம், ஆனா லேசா இருக்காது.” பேனாவை மூடி வைத்துவிட்டு, “நான் அன்னிக்கே பேரைச் சொல்லியிருக்கணும்,” என்றார்.

“பாதித் தப்பு உங்களுது,” என்றாள் ஹியாம். “மீதியை நான் ஊசி போட்டுக்கிட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. டாக்டரையே பேர் சொல்லவைத்துவிட்டோம் என்ற கொஞ்சம் பெருமையோடுதான் அவள் தெருவில் இறங்கினாள். கடற்கரைச் சாலைக்கு வருவதற்குள் அந்தப் பெருமை தீர்ந்துவிட்டது. போன் அடித்தது. முனீர்.

“என்னம்மா சொன்னாரு டாக்டர்?”

ஹியாம் வாயைத் திறந்தாள். அந்தப் பேர் வரவில்லை.

“அந்த வியாதிதானாம்,” என்றாள்.

அந்தப் பக்கம் முனீர் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது. “அவ்வளவுதானே? நான் பயந்தே போயிட்டேன். அதான் ரெண்டு வருஷமா நம்மகூடவே இருக்கே.”