புறாக்களுக்கு மார்க்

அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் போர் ஆசைக்கு மார்க் போடுவது, கல்லூரி அரசியல் துறையின் நிலவறையில் எங்களுக்குக் கிடைத்த பகுதிநேர வேலை. நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிரசாரப் பேச்சுகள். பெயர், கட்சி, வருடம் எல்லாவற்றையும் மறைத்துத் தருவார்கள். பாரபட்சம் வந்துவிடக் கூடாதாம். பூஜ்யம் என்றால் புறா, பத்து என்றால் பருந்து. குதிரைப்படை வந்தால் பழைய ஆள், ஏவுகணை வந்தால் பிந்தியவர். "என் எதிராளி ஒரு கோழை" என்பது மட்டும் எல்லாக் காலத்திலும் வந்தது.

நான் பீட்சா செலவுக்காகச் சேர்ந்தவன். எதிர் நாற்காலி டெலா ஹூபர் தன் அண்ணனுக்காகச் சேர்ந்தவள்.

அண்ணன் கர்ட்டுக்கு டயர் கடையில் வேலை. மாதம் ஒரு வார இறுதியில் ஒஹையோ தேசியக் காவல் படையின் சீருடை. ஏற்கெனவே ஒருமுறை ஆப்கானிஸ்தான் போய், முழுசாகத் திரும்பியவன். இப்போது படை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டித்தால் மகளின் ஆஸ்துமாவுக்கான காப்பீடு தொடரும். நீட்டிக்காவிட்டால் அவன் உயிரோடு தொடர்வான்.

"நவம்பர் தேர்தல்ல புறா ஜெயிச்சா கையெழுத்து, பருந்து ஜெயிச்சா படைக்கு ஒரு கும்பிடு" என்று முடிவெடுத்திருந்தான்.

அந்தப் புறாவை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள, மார்க் போட்டு முடிந்து பெயர்களைத் திறந்து காட்டியதும், டெலா அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்த்தாள்: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெயித்தவர், பதவிக்கு வந்தபின் எங்காவது படை அனுப்பினாரா? அனுப்பினால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம்.

"ஒரு பூஜ்யமாவது மாட்டும்டா வெஸ்" என்றாள்.

மாட்டவில்லை. பத்தி முழுக்க ஒன்று ஒன்றாக, வேலிக்கம்பு நட்டதுபோல் இறங்கியது.

பேராசிரியர் பிளாக்வெல் பார்த்தார். "எல்லாம் ஒன்னாவே இருக்கேம்மா. மாறாதத வெச்சு எதையும் ஒப்பிட முடியாது. எடுத்துடு."

"தப்பா போட்டிருக்கேனா சார்?"

"தப்பே இல்ல. அதான் பிரச்சன."

பத்தியை நீக்கினோம். நீக்குவதற்கு முன் டெலா அதை அச்செடுத்துக்கொண்டாள். என் காரில்தான் டயர் கடைக்குப் போனோம்.

"புறாவ நம்பிக் கையெழுத்துப் போட்டுடாதண்ணா. இதப் பாரு."

கர்ட் கிரீஸ் விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினான். "அப்பா ஓட்டுப் போட்ட ஆளு?"

"அவரும் அனுப்பினாரு."

"அம்மா ஓட்டுப் போட்ட ஆளு?"

"அவருந்தான்."

"இதுக்கா ரெண்டும் விவாகரத்து வரைக்கும் போச்சுங்க!" கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். பிறகு காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தான். "நல்லவேள சொன்ன. எவன் வந்தாலும் ஒன்னுதான்னா நவம்பர் வரைக்கும் எதுக்குக் காத்துக் கிடக்கணும்? இன்னைக்கே போட்டுடறேன்."

டெலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் அதுக்காகவா சொன்னேன்! வித்தியாசம் இருக்குண்ணா. சில பேரு கொஞ்சம் பேரத்தான் அனுப்பினாங்க. சில பேரு சீக்கிரமே திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க..."

"அந்தக் கொஞ்சம் பேர்ல நானும் ஒருத்தன்னா?"

டெலா காகிதத்தை மறுபடி விரித்துத் தேடினாள்; அதற்குப் பத்தி இல்லை.

"பிள்ளைக்கு மூச்சு வாங்குறது தேர்தல் பாத்தா வருது, குட்டி?" கர்ட் கை கழுவப் போனான். "படை ஆபீஸ அஞ்சு மணிக்குச் சாத்திடுவாங்க."

அவன் டிரக்கைக் கிளப்பினான். "வழிய மறிடா வெஸ்!" என்று கத்தினாள் டெலா. காரைக் கடை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினேன். கர்ட் புல்தரையில் ஏற்றி, விளம்பரப் பலகையைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கினான். போகிற போக்கில் எனக்கு ஒரு சல்யூட் வைத்தான்.